பில்லில் எழுதாத எண்ணெய்

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் கொட்டமுத்து ஆட்டி விளக்கெண்ணெய் எடுக்கிற சின்ன மில் ஒன்று. கணவன், மனைவி, கூட ஒரு கையாள், அவ்வளவுதான் ஆட்கள். போன குளிர்காலத்தில் மட்டும் அவர்களுடைய எண்ணெய் இறைக்கும் 3 எச்.பி. பம்பு மோட்டாரின் காயில் மூன்று முறை கருகியது. முதல் தடவை ரீவைண்டிங் கடைக்காரர் "வோல்டேஜ் லோ" என்றார். இரண்டாம் தடவை பேரிங்கைக் குற்றம் சொன்னார். மூன்றாம் தடவைக்கு முன்னால் எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து, "ரிலே சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுங்க" என்று அதன் திருகை 5 ஆம்பியரிலிருந்து 9-க்கு ஏற்றிவிட்டுப் போனார். மோட்டாருக்கு இருந்த ஒரே காவல்காரன் அந்த ரிலே. அதன் வாயையும் கட்டியாயிற்று.

என்னிடம் வந்தபோது முதலில் பம்பு வாங்கிய பில்லைத்தான் கேட்டேன். "மோனோபிளாக் 3 எச்.பி., எண்ணிக்கை 1" என்று இருந்தது. எண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை.

"கடையில எண்ணெய்க்குன்னு சொல்லித்தானே வாங்குனீங்க?"

"சொன்னேனுங்க. தண்ணிய விட எண்ணெய் லேசுதானுங்களே, தண்ணியவே தூக்குற பம்பு எண்ணெயத் தூக்காதான்னு கேட்டாருங்க. நாயமாத்தான் பட்டுது."

இந்த ஒரு வாக்கியத்தால் எரிந்த மோட்டார்களை அடுக்கினால் ஒரு லாரி நிறையும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஆகவே லேசு, அதுவரை சரி. ஆனால் பம்பைச் சிரமப்படுத்துவது கனம் மட்டுமில்லை, கெட்டித்தன்மையும்தான். பாடப்புத்தகத்தில் இதைப் பாகுத்தன்மை என்பார்கள், பட்டறையில் விஸ்காசிட்டி. கனமும் கெட்டியும் வேறு வேறு என்று தெரியாத கடைக்காரர் விற்கிறார், தெரியாதவர் வாங்குகிறார். இருவருக்கும் நடுவில் கடன் கோப்பைப் பார்க்கும் அதிகாரி மூன்று கோட்டேஷன் இருக்கிறதா, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா, எது குறைந்த விலை என்றெல்லாம் துருவிப் பார்ப்பார். அந்தப் பம்பு எதை இறைக்கப் போகிறது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ரசத்தில் கரண்டியைச் சுற்றுங்கள். அதே கரண்டியை அல்வாப் பதத்தில் சுற்றுங்கள். கை சொல்லிவிடும். சென்ட்ரிபியூகல் பம்பின் இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றுகிறது, அதுவும் திரவத்துக்குள்ளேயே. திரவம் கெட்டியானால் இம்பெல்லரின் இரண்டு பக்கத் தகடுகளையும் அது பிடித்து இழுக்கிறது. மோட்டார் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கு எண்ணெயைத் தள்ளுவதில் போகாமல் இந்த உரசலிலேயே சூடாகிக் கரைந்துபோகிறது. வெளியே வரும் எண்ணெயின் அளவு குறையும், ஏறும் உயரம் குறையும், கரன்ட் மட்டும் ஏறும்.

எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் 9.6.7 என்ற எண்ணில் வெளியிட்ட தரநிலையில், தண்ணீரில் சோதித்த பம்பு கெட்டித் திரவத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான சூத்திரங்கள் உண்டு. கோவையில் பம்பு வடிவமைக்கிற எந்த இன்ஜினியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆத்தூர் பம்பின் கேட்லாக் எண்களை அதில் போட்டேன்: மணிக்கு 20 கன மீட்டர், 20 மீட்டர் உயரம், திறன் நூற்றுக்கு 60 என்று வைத்துக்கொண்டேன். பாகுத்தன்மையை சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீருக்கு அது 1. கடலை எண்ணெய்க்கு 40 டிகிரி வெப்பத்தில் 40-ஐ ஒட்டி வரும். விளக்கெண்ணெய்க்கு அதே 40 டிகிரியில் சுமார் 250.

100 சென்டிஸ்டோக்ஸ் திரவத்தில் அந்தப் பம்பு சுமார் 17 கன மீட்டர்தான் தரும், அதுவும் 17 மீட்டர் உயரத்துக்கு. திறன் 60-இலிருந்து 35-க்கு இறங்கும். 300-க்குப் போனால் 15 கன மீட்டர், 15 மீட்டர், திறன் 22. மோட்டாரின் தாங்கு சக்தி 2.2 கிலோவாட், ஆனால் தண்டு கேட்பது ஏறத்தாழ 2.65. இது நல்ல வெயில் நேரக் கதை. மார்கழி விடியலில் ஆத்தூரில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வந்துவிடும். அப்போது விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை 1,000-ஐத் தொடும். இந்தப் பம்பின் திறன் நூற்றுக்குப் பத்தாகிவிடும்; தண்டு கேட்பது 3.7 கிலோவாட். 2.2 கிலோவாட் மோட்டாரிடம்! காலை ஐந்தரைக்கு கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நேம்பிளேட்டில் 5 ஆம்பியர் என்று இருந்த இடத்தில் 8-ஐத் தாண்டிக் காட்டியது. மத்தியானம் அதே மோட்டார் ஆறுக்குக் கீழே வந்துவிட்டது. "மத்தியானம் நல்லா ஓடுதுங்க, காலையிலதான் மக்கர்" என்று அந்த அம்மா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நோயின் பெயரைச் சொல்லாமல் சொல்லிவிட்டார். ரீவைண்டிங் கடையில்தான் யார் காதிலும் அது விழவில்லை.

சூத்திரம் தருவது தோராயக் கணக்கு. பைப்பையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். இவ்வளவு கெட்டியான எண்ணெய் பைப்புக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போது, பாகுத்தன்மை நாலு மடங்கானால் உரசல் இழப்பும் நாலு மடங்காகும். சக்ஷன் பக்கத்தில் இது நேரடி ஆபத்து: எண்ணெய் வந்து சேராமல் பம்பு பட்டினி கிடக்கும், உள்ளே இருக்கிற கொஞ்சம் எண்ணெய் கொதிக்கச் சூடாகும், சீல் போகும். எண்ணெய்ப் பம்பை டேங்குக்கு மேலே வைத்து ஃபுட் வால்வு போட்டு உறிஞ்சவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பம்பு டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். சக்ஷன் பைப் டெலிவரியை விட ஒரு சைஸ் பெரிதாகவே இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்தால் கம்பெனி மெக்கானிக் வருவார். டெலிவரி வால்வை மூடச் சொல்லி, பிரஷர் கேஜைக் காட்டி, "பாருங்க, ஃபுல் பிரஷர் வருது, பம்பு பர்ஃபெக்ட்" என்பார். வால்வை மூடி, ஓட்டமே இல்லாதபோது வரும் அழுத்தம் பாகுத்தன்மையால் பெரிதாக மாறுவதில்லை. எண்ணெயிலும் கேஜ் சரியாகத்தான் காட்டும். சோதிக்க வேண்டியது வால்வைத் திறந்துவிட்டு: ஒரு பேரல் நிறைய எத்தனை நிமிடம், அப்போது எத்தனை ஆம்பியர், எண்ணெயின் வெப்பம் எவ்வளவு. இந்த மூன்றையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் "எழுத மறுத்தார்" என்று நீங்கள் எழுதி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். "குறை சரிசெய்யப்பட்டது" என்று அச்சடித்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்து அழுவதில் பயனில்லை.

மோட்டாரை 5 எச்.பி.க்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று அடுத்த யோசனை வரும். எரிவது நிற்கலாம். ஆனால் பத்து சதவீதத் திறனில் ஓடுகிற பம்பு, நீங்கள் கட்டுகிற கரன்ட் பில்லில் பத்து ரூபாய்க்கு ஒன்பது ரூபாயை எண்ணெய் சூடேற்றத்தான் செலவழிக்கிறது. சின்ன பம்பின் தண்டு அந்தச் சுமைக்குச் செய்ததும் இல்லை. ரிலேயை ஏற்றி வைப்பதைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன்: நேம்பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் ரிலேயை வைக்கிற எலக்ட்ரீசியனை மில் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

உண்மையான மாற்று வழிகள் இரண்டு. ஒன்று, எண்ணெயைச் சூடாக்குவது. 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் விளக்கெண்ணெயே 100 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இறங்கிவிடும். இரண்டு, கியர் பம்பு போன்ற, பல்லுக்குப் பல் அளந்து தள்ளுகிற வகை. என் கைக்கணக்கு இது: மிகக் குளிர்ந்த நேரத்தில் 100-க்குள் இருந்தால் சென்ட்ரிபியூகல் பம்பைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து ஓட்டலாம், 300-ஐத் தாண்டினால் அந்தப் பேச்சே வேண்டாம், இடைப்பட்டதற்குக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கியர் பம்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்ட்ரிபியூகல் பம்பில் டெலிவரி வால்வை மூடி வைத்து ஸ்டார்ட் செய்வது பலருக்குக் கைப்பழக்கம். கியர் பம்பில் அதைச் செய்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பைப் வெடிக்கும், இல்லை தண்டு முறியும். அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வு இல்லாத கியர் பம்பை வாங்காதீர்கள்.

இனி காகிதம். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

பம்பு வாங்கும் முன் எண்ணெயில் ஒரு லிட்டர் எடுத்து, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். "விஸ்காசிட்டி பாருங்க" என்று மொட்டையாகக் கேட்டால் 40 டிகிரியில் ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அது உங்கள் மார்கழிக் காலைக்கு உதவாது. "கைனமேட்டிக் விஸ்காசிட்டி, ஐ.எஸ். 1448 பகுதி 25-இன்படி, 20 டிகிரியிலும் 40 டிகிரியிலும், சென்டிஸ்டோக்ஸில்; கூடவே அடர்த்தியும்" என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுங்கள். சென்டிபாய்ஸ் என்று தந்தால் அது வேறு அளவு, அடர்த்தியால் வகுத்த பிறகுதான் இதற்கு வரும். பர்னஸ் ஆயில் எரிக்கிறவர்களுக்கு இந்தச் சோதனையில் பாதி வேலை மிச்சம். ஐ.எஸ். 1593-இல் அதன் ரகங்களையே 50 டிகிரியில் 80, 125, 180, 370 சென்டிஸ்டோக்ஸ் என்றுதான் பிரித்திருக்கிறார்கள். அதே எண்ணெய் பாய்லர் அறைக்கு வெளியே, குளிர்ந்த டேங்கில், பல மடங்கு கெட்டி என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிறகு பர்சேஸ் ஆர்டர். வாய்ச்சொல் வேண்டாம், வெள்ளைத்தாளானாலும் போதும், தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியதை அப்படியே தருகிறேன்: "விளக்கெண்ணெய் இறைக்க. 20 டிகிரியில் பாகுத்தன்மை 1,000 சென்டிஸ்டோக்ஸ், 40 டிகிரியில் 250, ஆய்வக அறிக்கை இணைப்பு. 20 டிகிரியில் மணிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் உயரத்துக்குத் தேவை. இதற்குப் பொருத்தமான பம்பையும் மோட்டாரையும் நீங்களே தேர்ந்து தர வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வழக்கில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

காரணம், 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. வாங்குபவர் இன்ன காரியத்துக்கு என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு நியாயமாகப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. ஆனால் அதே பிரிவுக்கு ஒரு வால் உண்டு: குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கினால் இந்த நிபந்தனை எழாது. "இன்ன கம்பெனி, இன்ன மாடல், 3 எச்.பி. ஒன்று" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், தேர்வு உங்களுடையது என்று விற்றவர் கையை உதறிவிடுவார். மாடல் எண்ணை விற்பவர் அவருடைய கோட்டேஷனில் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டியது எண்ணெயின் பெயர். இன்னொரு முறை: நீங்கள் எழுத வேண்டியது எண்ணெயின் பெயர்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்கிறார்கள். மோனோசெட், அதாவது கடைப் பேச்சில் மோனோபிளாக், பம்புகளுக்கான ஐ.எஸ். 9079 தரநிலையின் தலைப்பிலேயே "தெளிந்த, குளிர்ந்த நீருக்கானது" என்று இருக்கிறது. எண்ணெயில் ஓடவில்லை என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு எழுதினால், அவர்கள் அந்தத் தலைப்பைக் காட்டித்தான் பதில் போடுவார்கள். அந்த வாசலில் மாதக் கணக்கில் நின்று காலத்தை இழக்காதீர்கள்.

பம்பு தவறு என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது ஓட்டுவதை நிறுத்துவது. ரீவைண்டிங் கொடுத்து, மறுபடி எரித்து, மூன்றாவது மாதம் புகார் எழுதுகிறார்கள். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே விற்பனைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் நஷ்டஈடு கேட்கலாம், பம்பைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தைக் கேட்பது கடினம். முதல் மோட்டார் எரிந்த அன்றே விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதை பில்லோடு பின் அடித்து வையுங்கள். எரிந்த காயிலை பழைய காப்பர் விலைக்குப் போடாதீர்கள், அது சாட்சி. ஆத்தூர்க்காரர் போட்டுவிட்டார். கையில் கிடைத்த காசு ஒரு வாரச் செலவுக்குக் கூடக் காணவில்லை.

அடுத்து எங்கே போவது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் பாதி கம்பெனிகள் அங்கேயே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்டத்திலேயே. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற சேலம் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். "கம்பெனி இருக்கிற ஊருக்குப் போங்க" என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினால் 34-ஆம் பிரிவைக் காட்டுங்கள். நான் இரண்டு முறை காட்ட வேண்டியிருந்தது. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் முடியும். கெடு இரண்டு வருடம், அதுவும் குறை தோன்றிய நாளிலிருந்து. குறையைச் சோதனையால்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை மனுவிலேயே கேளுங்கள், கேட்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். பம்பு சோதிக்க கோவையில் சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் "எண்ணெய்க்கு ஓடும் சார்" என்று எழுதியிருந்தால் அது தங்கம். விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான் என்கிறது இந்தச் சட்டம். பிரின்ட் எடுத்து, பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவில் சொன்ன சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

எதிர்த்தரப்பு முதலில் வீசுகிற கல் ஒன்றுதான்: "மில் நடத்துகிறவர் நுகர்வோர் அல்ல, இது வணிக நோக்கம்." 1995-இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இயந்திரம் வாங்கி வழக்குப் போட்டவர் அதில் தோற்றார். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்குத் தானே இயக்குகிறவர் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆகவே மனுவின் இரண்டாவது பத்தியிலேயே "நானும் என் மனைவியும் நாங்களே இயக்கும் சுயதொழில், எங்கள் பிழைப்பு இது ஒன்றே" என்று எழுதி, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரமும் இணைத்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் வாசலிலேயே தள்ளுபடியான மனுக்கள் என் மேசையில் உண்டு. பத்துப் பேர் வேலை செய்கிற கம்பெனி என்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல், அவசர உத்தரவு எதுவும் தேவைப்படாமல் இருந்தால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஏ பிரிவுப்படி முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய், கொடுக்க வேண்டிய இடம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

ஆத்தூர்க்காரர் வழக்கு வரை போகவில்லை. பில்லில் எண்ணெய் இல்லை, காயில் பழைய இரும்புக் கடையில், கையெழுத்து சர்வீஸ் ரிப்போர்ட்டில். எதை வைத்து வாதாடுவது? 1915-க்குப் போட்ட புகாரில் ஒரு ரீவைண்டிங் செலவு மட்டும் திரும்பி வந்தது. ஆய்வக அறிக்கையோடு, எண்ணெயின் பெயர் எழுதிய ஆர்டரில் இப்போது கியர் பம்பு வாங்கிவிட்டார். போன வாரம் அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ரிலீஃப் வால்வின் திருகு கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தது.

"எண்ணெய் திரும்பத் திரும்ப டேங்குக்கே வந்துட்டு இருந்துதுங்க. அதான் பையன் இறுக்கிட்டான்."

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஸ்பேனர் வந்து, திருகு பழைய குறிக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.